ஹோம்வொர்க் நோட்டில் யாருடைய கையெழுத்து?

'வெளிச்சம்' என்ற சொல்லைப் பத்து முறை எழுதி வரச் சொல்லியிருந்தேன். மூன்றாம் வகுப்பு. ஒரு பையன் அதை எப்படி எழுதுகிறான் என்பதை ஒருநாள் காலையில் தற்செயலாகப் பார்த்தேன். பள்ளி வராந்தாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முதலில் பத்து வரியிலும் மேலிருந்து கீழாகப் பத்து 'வெ'. அப்புறம் மறுபடி மேலே போய் பத்து 'லி'. அதன்பின் பத்து 'ச்', பத்து 'ச', பத்து 'ம்'. பக்கம் நிறைந்துவிட்டது. கையெழுத்தும் அழகுதான். ஆனால் அந்தச் சொல்லை அவன் ஒருமுறைகூட எழுதவும் இல்லை, படிக்கவும் இல்லை. 'ளி' வர வேண்டிய இடத்தில் முதல் வரியில் விழுந்த 'லி' பத்து வரிக்கும் இறங்கியிருந்தது.

இந்த மாதிரிப் பக்கங்களுக்கு எத்தனை வருடம் சிவப்பு மையில் டிக் போட்டு 'குட்' எழுதியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

வடசென்னையில், மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டுக்கும் ராயபுரத்துக்கும் இடையில் இருக்கிற ஒரு தொடக்கப் பள்ளியில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். என் பிள்ளைகளின் வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், மீதி விஷயம் அதில்தான் இருக்கிறது. பாதிப் பேருக்கு வீடு என்பது ஒரே அறை. டிவி, கட்டில், கேஸ் அடுப்பு, சாமி படம் எல்லாம் அதற்குள்தான். துறைமுகத்தில் ஏலம் விடியற்காலைக்கு முன்பே தொடங்கிவிடும் என்பதால் மீன் விற்கிற அம்மாக்கள் நடுராத்திரிக்கு மேல் எழுந்து போய்விடுவார்கள். அப்படியானால் ராத்திரி எட்டு மணிக்கே விளக்கை அணைத்தாக வேண்டும். பிள்ளை எழுத உட்காருகிற நேரமும் அம்மா படுக்கிற நேரமும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் எவ்வளவு கூட்டம் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் வேலை இருக்கும், எட்டு வயதுப் பெண்ணுக்குத் தம்பியைப் பார்த்துக்கொள்வது வேலை. இது தெரியாமல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் "ரெண்டு நாள் லீவு இருக்கே" என்று நான் மூட்டையாகக் கொடுத்த ஹோம்வொர்க் திங்கட்கிழமை காலியாகத் திரும்பி வந்தது.

அப்படி ஒரு திங்கட்கிழமையில்தான் ஒரு பெண்ணை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். தொடர்ந்து மூன்றாவது வாரமாக எழுதவில்லை. மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தபோது அவளுடைய ஆயா வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "கண்ண மட்டும் வுட்டுட்டு தோல உரிச்சிடுங்க மிஸ், ஆனா வெளிய நிக்க வெக்காதீங்க. நேத்து ராத்திரி பூரா அதான் தம்பிக்கு ஜுரம்னு முழிச்சிகினு இருந்துச்சு" என்றார். தோலை உரிக்கவும் கூடாது, வெளியே நிற்க வைக்கவும் கூடாது. அடிப்பதோடு சேர்த்து, பிள்ளையை மனதளவில் துன்புறுத்துவதையும் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன்.

வெளியே நின்ற அந்த மூன்று பீரியடில் கழித்தல் கணக்கு நடத்தினேன். அவளுக்கு அது போனது போனதுதான்.

கழித்தல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் என் வகுப்பில் நாலைந்து பேர் 35 என்று எழுதுவார்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுவார்கள். கடன் வாங்குவது இன்னும் மண்டையில் ஏறவில்லை. அந்தப் பிள்ளைக்கு இதே மாதிரி இருபது கணக்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் என்ன ஆகும்? அதே தவறை இருபது முறை போட்டுப் பழகிக்கொண்டு வரும். மறுநாள் நான் இருபது பெருக்கல் குறி போடுவேன். ஆனால் அதே பிள்ளையிடம், "உங்கிட்ட அம்பத்திரெண்டு ரூபா இருக்கு, இருபத்தேழு ரூபா செலவு பண்ணிட்ட, மீதி எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். கண்ணை மேலே உருட்டி, "இருபத்தஞ்சு மிஸ்" என்று சொல்லிவிடும். எப்படி என்று கேட்டால், இருபத்தேழோடு மூன்று சேர்த்தால் முப்பது, முப்பதிலிருந்து அம்பத்திரண்டுக்கு இருபத்திரண்டு, ஆக இருபத்தஞ்சு. மீன் கடையில் சில்லறை கொடுக்கிற கணக்கு இது. அந்த வழியையும் நோட்டில் போடுகிற வழியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுவது வகுப்பில் நான் செய்ய வேண்டிய வேலை. இருட்டறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலையில் அதைக் கட்டக் கூடாது.

அடுத்தது டியூஷன் அக்கா. எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு டியூஷன் உண்டு. பிளஸ் டூ முடித்த பெண்கள் நடத்துவது. நல்ல பெண்கள்தான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரத்தில் முப்பது நோட்டையும் முடித்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் "துட்டு வாங்கிகினு இன்னா பண்ற" என்று கேட்க ஆள் இருக்கிறது. அதனால் அக்கா பதிலைச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். நேரம் போதாவிட்டால் அக்காவே எழுதிவிடுகிறார். என் வகுப்பில் ஏழு பேருக்கு ஒரே கையெழுத்து, ஒரே எழுத்துப் பிழை. திருத்தி நான் மதிப்பெண் போட்டதெல்லாம் அந்த அக்காவுக்குத்தான்!

கொரோனாவுக்குப் பிறகு வாட்ஸ்அப் குரூப்பில் ஹோம்வொர்க் போடுகிற பழக்கமும் வந்தது. "போன் அப்பாவோட கடலுக்குப் போயிடுச்சு மிஸ்" என்று ஒரு பிள்ளை சொன்ன அன்றோடு அதை நிறுத்தினேன்.

சரி, எவ்வளவுதான் கொடுக்கலாம்? மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே வேண்டாம் என்கிறது. மூன்றிலிருந்து ஐந்து வரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம். வாரத்துக்கு என்பதைக் கவனியுங்கள், ஒரு நாளைக்கு அல்ல. ஐந்து நாளைக்குப் பிரித்தால் நாளுக்கு 24 நிமிடம். அதற்கு முன்பே, 2018-இல், ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டிருந்தது. ஆராய்ச்சியும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2006-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பெரிய வகுப்புகளில் தெரிந்த அளவுக்குச் சின்ன வகுப்புகளில் தெரியவில்லை. ஆனால் நோட்டு காலியாக இருந்தால் "இந்த ஸ்கூல்ல ஒண்ணும் சொல்லிக் குடுக்கறதில்ல" என்று தனியார் பள்ளிக்கு மாற்றுகிற பெற்றோரும் இருக்கிறார்கள். அந்தப் பயம் ஆசிரியர்களுக்கு உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

நான் இப்போது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கடைசி பீரியடில் பத்து நிமிடத்தை ஒதுக்கி, ஹோம்வொர்க்கின் முதல் வரியை வகுப்பிலேயே எழுத வைக்கிறேன். முதல் வரி சரியாக இருந்தால் மீதியும் தப்பாது. யாருக்குப் புரியவில்லை என்பதும் அங்கேயே தெரிந்துவிடும், அவர்களுக்கு அன்றைக்கு அந்தக் கணக்கைக் கொடுப்பதில்லை. இருபது கணக்கு நான்காகக் குறைந்தது. 'பத்து முறை எழுது' போய், அந்தச் சொல் வருகிற மாதிரி சொந்தமாக இரண்டு வாக்கியம் வந்தது. வெள்ளிக்கிழமை எழுத்து வேலை கிடையாது.

எழுதாமல் வருகிறவர்களுக்காக எட்டரைக்கே வகுப்பறையைத் திறந்து வைக்கிறேன். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்த பிறகு பிள்ளைகள் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள். பொங்கலோ கிச்சடியோ சாப்பிட்டு, கை கழுவி, வயிறு நிறைந்து உட்காருகிற அந்த அரை மணி நேரத்தில் எழுதுகிற எழுத்து ராத்திரி எழுதியதைவிட நன்றாக இருக்கிறது. முன்பெல்லாம் காலையில் வராந்தாவில் உட்கார்ந்து எழுதினால் "வீட்ல என்ன பண்ணே?" என்று நோட்டைப் பிடுங்கியவள்தான் நான்.

பெற்றோருக்குச் சொல்ல இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, உங்கள் பிள்ளைக்காக நீங்கள் எழுதாதீர்கள், டியூஷனிலும் எழுதித் தரச் சொல்லாதீர்கள். தெரியாததைக் காலியாக விட்டு அனுப்புங்கள். காலி இடத்தைப் பார்த்தால்தான் எதைத் திரும்ப நடத்த வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, கண். போர்டில் எழுதிப் போட்ட ஹோம்வொர்க்கை ஒரு பிள்ளை தினமும் தப்பும் தவறுமாக எழுதிக்கொண்டு வந்தால், கவனமில்லை என்று முதுகில் வைக்காதீர்கள். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது, டிவிக்கு ஒட்டி உட்காருவது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது இதெல்லாம் இருந்தால் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சோம்பேறி என்று நான் முடிவு கட்டியிருந்த ஒரு பையன் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த முதல் நாள், "மிஸ், போர்டுல கோடு போட்டிருக்கீங்களா?" என்று கேட்டான். வருடம் முழுக்க அந்தக் கோடு அங்கேதான் இருந்தது.

எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் பிள்ளைக்கு யார் உதவுவது என்று கேட்பார்கள். உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், நீங்கள் கேட்டால் போதும். போன மாதம் 'வீட்டில் கேட்டு ஐந்து மீன் பெயர் எழுதி, எழுதியதைப் படித்துக் காட்டு' என்று கொடுத்தேன். ல, ள, ழ மூன்றும் ஒரே கூடையில் கிடைக்கும் என்ற கணக்கில்தான்: வவ்வால், வாளை, கிழங்கா. ஒரு பெண் 'வாழை' என்று எழுதி, வகுப்பில் நான் பழக்கிய மாதிரி நாக்கை மடக்கிப் படித்திருக்கிறாள். பள்ளிக்கூடப் பக்கமே போகாத அவளுடைய ஆயா சிரித்துவிட்டு, "அது வாளடீ. வாய மரத்துல காய்க்கும்" என்றாராம். அந்தப் பிள்ளை யோசித்திருக்கிறது. மறுநாள் என்னிடம் வந்து, "மிஸ், ஆயா மயைன்னு சொன்னா மழை, வாயைன்னு சொன்னா வாழை, வாளைன்னு சொன்னா வாளையேதான்" என்றது.

அந்தப் பிள்ளை கண்டுபிடித்த வழி இதுதான்: ஆயா 'ய' சொல்கிற இடத்தில் 'ழ' வருமா என்று யோசித்துப் பார். 22 வருடமாக அவர்கள் பேச்சைத் திருத்திக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை. போர்டில் எழுதிப் போட்டேன். 'கோயி', 'கெயவி', 'பயம்' என்று அடுக்க ஆரம்பித்தவர்கள் மணி அடித்தும் நிறுத்தவில்லை. பயம் பழமா, பயமேதானா என்று கடைசி பெஞ்சில் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.