ஓடாத என்ஜின் தேயாது என்று யார் சொன்னது?

ஓடிய மணிநேரம் குறைவு என்ற ஒரே காரணத்தால் நல்லதென நம்பி வாங்கப்பட்ட இன்னொரு சிறுவிமான பிஸ்டன் என்ஜின் எங்கள் பட்டறைக்கு வந்திருக்கிறது. ஆயில் ஃபில்டரை வெட்டி அதன் மடிப்புகளை விரித்தபோது, காந்தத்தைக் காட்டியவுடன் ஒட்டிக்கொள்ளும் எஃகுச் செதில்கள் கிடைத்தன. சிலிண்டரைக் கழற்றியபோது வால்வைத் திறக்க உதவும் டேப்பெட்டின் முகம் அம்மைத் தழும்பு விழுந்ததுபோல் குழிந்திருந்தது. அதனோடு உரசிய கேம் முனையும், அதாவது கேம் ஷாஃப்ட் என்ற சுழல்தண்டின் புடைப்பும், தேய்ந்து மழுங்கியிருந்தது.

இது ஓடித் தேய்ந்த தேய்மானம் அன்று; நின்றதால் பிடித்த துரு. லைக்கமிங் என்ற தயாரிப்பாளரின் விமான என்ஜின்கள் பெரும்பாலானவற்றில் கேம் ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே இருப்பதால், வாரக்கணக்கில் நிற்கும்போது அதன் மீதிருந்த எண்ணெய்ப் படலம் வடிந்து, ஈரம் நேராக எஃகைத் தொடுகிறது.

‘பறக்காவிட்டாலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டி வைக்கிறோமே’ என்ற பதிலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பெட்ரோல் எரிந்தால் நீராவி உண்டாகும். அதில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, கிராங்க் ஷாஃப்டைச் சுற்றியுள்ள கூடான கிராங்க்கேஸுக்குள் இறங்கும். அதை வெளியேற்றும் அளவுக்கு எண்ணெய் சூடேறுவதற்குள் நீங்கள் அணைத்துவிடுகிறீர்கள். ஆகவே அந்தப் பத்து நிமிடம் என்ஜினுக்குள் தண்ணீர் சேர்க்கும் வேலையே. புரொப்பெல்லரைக் கையால் சுழற்றி வைப்பதும் மிச்சமிருக்கும் எண்ணெயைத் துடைத்தெடுக்கும். தவிர, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் தரைக்கம்பி அறுந்திருந்தால், கையால் சுழற்றும்போதே என்ஜின் பற்றிக்கொண்டு ஓடலாம்; அது உயிருக்கே ஆபத்து.

முப்பது நாளுக்கு ஒருமுறையாவது, எண்ணெய் வெப்பம் 74 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்படி, ஒரு மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும் என்பது லைக்கமிங்கின் அறிவுரை. தரையில் நிறுத்தி ஓட்டுவது அதற்கு ஈடாகாது. எண்ணெயை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். என்ஜினை முழுதும் பிரித்துச் சீரமைக்கும் ஓவர்ஹாலுக்கான மணிநேரம் நிறைவடையாவிட்டாலும் பன்னிரண்டாம் ஆண்டில் ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர் வரையறுத்திருப்பது வியாபாரத் தந்திரம் அன்று. ரப்பர் சீல்களுக்கும் வயதாகிறது.

வாங்குமுன், மொத்த மணிநேரத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், லாக் புத்தகத்தில் பறத்தலுக்கும் பறத்தலுக்கும் இடையே எத்தனை மாத இடைவெளி விழுந்திருக்கிறது என்றும் தயவுசெய்து பாருங்கள். நீண்ட நாள் நிறுத்துவதானால் பாதுகாப்பு எண்ணெய் ஊற்றி, ஸ்பார்க் பிளக் துளைகளில் ஈரமுறிஞ்சும் அடைப்பான்களைப் பொருத்தி, புகைப்போக்கியையும் கிராங்க்கேஸின் காற்றுப்போக்கியான பிரீதர் குழாயையும் மூடி, புரொப்பெல்லரைச் சுழற்றக் கூடாது என்று எழுதி அதிலேயே தொங்கவிடுங்கள்.