விவாகரத்து: மணமுறிவா, மணவிலக்கா?

ரயில் ரத்து, தேர்வு ரத்து, விவாகம் ரத்து. மூன்றையும் ஒரே சொல்லால் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் குடும்பநல நீதிமன்றத்தில் நடப்பது ரத்து அல்ல.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'விவாகம்' வடசொல். பெண்ணைப் பிறந்த வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு போவது என்பது அதன் வேர்ப்பொருள். 'ரத்து' அரபுச் சொல். திருப்பி அனுப்புதல், தள்ளுதல் என்று பொருள். பாரசீகம், உருது வழியாகக் கச்சேரி, அதாவது அரசு அலுவலகப் பேச்சில் நுழைந்து தமிழில் தங்கிவிட்டது. ஆக, பாதி சமஸ்கிருதம், பாதி அரபு. மலையாளத்தில் இதையே 'விவாகமோசனம்', அதாவது விடுதலை என்கிறார்கள். கொஞ்சம் இதமாகத்தான் இருக்கிறது.

பிறமொழிச் சொல் என்பது எனக்குப் பெரிய குறையில்லை. பொருள் பிசகுவதுதான் குறை. ரத்தான ரயில் ஓடவே இல்லை. விவாகரத்து பெற்றவர்களோ திருமணமாகி வாழ்ந்தவர்கள். தீர்ப்பு வந்த நாளிலிருந்துதான் அந்த உறவு முடிகிறது. உண்மையான 'ரத்து' சட்டத்தில் தனியாக இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது: மனைவி உயிரோடு இருக்க இன்னொருத்தியைக் கட்டினால், அந்த இரண்டாவது திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. அப்படிப்பட்ட திருமணத்தில் பிறந்த குழந்தையைக்கூட 16-ஆம் பிரிவு முறையான குழந்தை என்றே ஏற்கிறது. கூட்டுக்குடும்பச் சொத்தில் பெற்றோருக்கு விழும் பங்கில் அந்தக் குழந்தைக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மணம் செல்லாது, பிள்ளை செல்லும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பத்திரிகைகளில் அதிகம் புழங்குவது 'மணமுறிவு'. எனக்கு 'மணவிலக்கு' பிடிக்கும். காரணம் இலக்கணம். கிளை தானாக முறிந்தால் முறிவு; யாராவது முறித்தால் முறிப்பு. விலகு தன்வினை, விலக்கு பிறவினை. மணம் வீட்டுக்குள் தானே முறிகிறது. அப்புறம் நீதிமன்றம் விலக்குகிறது.

இது வெறும் சொல்விளையாட்டு இல்லை. இந்து திருமணச் சட்டம் 13-ஆம் பிரிவில் கொடுமை, கைவிடுதல், பிறர்மனை உறவு என்று காரணங்களை அடுக்குகிறது. 'இனி ஒட்டாது என்ற அளவுக்கு உறவு முறிந்துவிட்டது' என்பது அந்தப் பட்டியலில் இல்லை. சேர்க்கலாம் என்று 1978-இலேயே சட்ட ஆணையம் பரிந்துரைத்தும் நடக்கவில்லை. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, அரசியல் சாசனத்தின் 142-ஆம் பிரிவின்படி தனக்குள்ள அதிகாரத்தைக் கொண்டு அந்தக் காரணத்துக்காகவே மணத்தைக் கலைக்கலாம் என்றது. குடும்பநல நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. இந்தத் தீர்ப்பைத் தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் 'மணமுறிவு' என்றே போட்டால், 'மணமுறிவால் மணமுறிவு' என்று வந்து நிற்கும். முறிவு காரணம், விலக்கு தீர்ப்பு என்றால் குழப்பம் இல்லை. மதுவிலக்கைப் போல மணத்துக்கே தடை என்று யாராவது படித்துவிடுவார்களோ என்ற சின்ன பயம் மட்டும் உண்டு.

சேர்ந்து வாழ்பவர்கள் விஷயம் வேறு. ஒப்பந்தம் எழுதிக்கொண்டு 2006 முதல் ஒன்றாக வாழ்ந்து, பிள்ளையும் பெற்ற ஒரு ஜோடி மணவிலக்குக் கேட்டது. சட்டப்படி மணமே நடக்காதபோது விலக்கு கேட்க வழியில்லை என்று 2023 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மணவிலக்கு, மணமுறிவு, விவாகரத்து என்று எந்தச் சொல்லை எடுத்தாலும் உள்ளே ஒரு மணம் உட்கார்ந்திருக்கிறது. கிராமத்தில் 'அத்துவிட்டாச்சு', 'தீர்த்துவிட்டாச்சு' என்பார்கள். அந்த ஜோடிக்குப் பொருந்துவது அதுதான்.