கேப்: தொப்பியா, களமா?

‘அட்டிபா ஹட்சின்சன் கனடாவுக்காக 104 கேப் பெற்றவர்.’ கால்பந்துச் செய்திகளில் இப்படி ஒரு வரி கண்ணில் படும். இதையே ‘104 தொப்பிகளை வென்றவர்’ என்று மொழிபெயர்த்துப் போடுகிறவர்களும் உண்டு. படிக்கிறவர் பாவம், கனடாவில் குளிர் கடுமை, அதனால் தொப்பியைப் பரிசாகக் கொடுக்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கால்பந்தில் கேப் என்பது, ஒரு வீரர் தம் நாட்டின் முதன்மை அணிக்காக, இன்னொரு நாட்டின் முதன்மை அணிக்கு எதிராகக் களத்தில் இறங்கி ஆடிய ஓர் ஆட்டம். 90 நிமிடமும் ஆடினாலும் ஒன்றுதான். 89-வது நிமிடத்தில் மாற்று வீரராக இறங்கினாலும் ஒன்றுதான். அணிக்குத் தேர்வாகி, சீருடை அணிந்து, ஆட்டம் முடியும்வரை மாற்று வீரர்களின் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தால் கணக்கில் சேராது. இளையோர் அணிக்கு ஆடிய ஆட்டங்களும் சேரா. இந்த விதிவிலக்குகள் கனடாவுக்கு எவ்வளவு இழப்பைத் தேடித் தந்தன என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தச் சொல் அறிமுகமானது கால்பந்தால் அல்ல, ஐ.பி.எல். ஏலத்தால். ‘அன்கேப்டு வீரர்’ என்றால் நாட்டுக்கு ஆடாதவர். 2025 தொடருக்காக மகேந்திர சிங் தோனியைச் சென்னை அணி 4 கோடி ரூபாய்க்குத் தக்கவைத்தது இந்தப் பிரிவில்தான். சர்வதேச ஆட்டம் ஆடி ஐந்து ஆண்டுகள் கடந்த இந்திய வீரர் அன்கேப்டு ஆகிவிடுவார் என்று விதி சொன்னது. ஒருநாள் ஆட்டம் மட்டும் 350 ஆடியவரின் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றிய அந்த விதியைப் பார்த்துக் கால்பந்துக்காரர்கள் சிரிப்பார்கள். அங்கே ஒருமுறை எழுதப்பட்ட கணக்கு அழிவதில்லை.

சொல்லின் வேரைத் தேடிப் போனால் பிற்கால லத்தீனின் ‘கப்பா’ கிடைக்கும். தலையை மூடும் முக்காட்டையும், முக்காடு வைத்த மேலங்கியையும் அது குறித்தது. அது பழைய ஆங்கிலத்துக்குள் வந்து தலையணியாகச் சுருங்கியது. சிற்றாலயத்தைக் குறிக்கும் ‘சேப்பல்’ என்ற சொல்லும் இதே குடும்பம்தான். புனித மார்ட்டினின் மேலங்கியைப் பாதுகாத்த இடத்திலிருந்து அந்தப் பெயர் வந்தது.

தொப்பி கால்பந்துக்குள் வந்தது அழகுக்காக அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் ஓர் அணியினர் அனைவரும் ஒரே மாதிரியான சட்டை அணியும் வழக்கம் உறுதிப்படவில்லை. யார் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமே! தொப்பியின் நிறத்தை வைத்துக் கண்டுகொண்டார்கள். 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதிய முதல் அதிகாரபூர்வப் பன்னாட்டு ஆட்டத்தில் ஆங்கிலேயர் தொப்பியோடும் ஸ்காட்லாந்துக்காரர்கள் குல்லாயோடும் ஓடினார்கள். கோல் ஏதும் விழவில்லை.

1886-இல்தான் தொப்பி நினைவுப் பரிசாக மாறியது. கொரிந்தியன் கழகத்தை நிறுவிய லேன் ஜாக்சனின் யோசனையை ஏற்று, இங்கிலாந்துக்கு ஆடுகிற ஒவ்வொருவருக்கும் முன்பக்கம் சிவப்பு ரோஜா தைத்த வெள்ளைப் பட்டுத் தொப்பி வழங்குவது என்று ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் முடிவு செய்தது. களத்தில் போட்டுக்கொண்டு ஆடுவதற்கல்ல, வீட்டில் வைத்துக்கொள்வதற்கு. பிறகு ஒரு தொடருக்கு ஒரே தொப்பி கொடுத்து, எதிர்த்து ஆடிய நாடுகளின் பெயரை அதில் தைத்துத் தரும் வழக்கமும் வந்தது. அதாவது, கையில் இருக்கும் தொப்பிகளின் எண்ணிக்கையும் ‘கேப்’ எண்ணிக்கையும் அந்த ஊரிலேயே ஒத்துப்போவதில்லை. தொப்பி விலகிவிட்டது, எண்ணிக்கை மட்டும் அதன் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிரிக்கெட்டில் கதை வேறு. அறிமுக ஆட்டத்தின் காலையில் மூத்த வீரர் ஒருவர் கையில் கொடுக்கும் தொப்பி உண்மையான தொப்பி. வெயிலில் அணிந்துகொண்டு நிற்கலாம். அதில் பொறித்திருக்கும் எண் வரிசை எண், ஆட்டக் கணக்கு அல்ல. ஆகவே ‘டெஸ்ட் தொப்பி’ என்று எழுதுவதில் பிழையில்லை. கிரிக்கெட் பக்கத்தில் பழகிய கை கால்பந்துச் செய்திக்கும் அதையே எழுதும்போதுதான் ‘104 தொப்பிகள்’ முளைக்கின்றன.

இந்த எண்ணிக்கைக்கு எவ்வளவு கனம் என்பதைக் கனடாவை வைத்துப் பார்ப்பதே பொருத்தம். தன் வீரர்களை உலகெங்கும் அனுப்பிவிட்டு, ஆட்டத்துக்கு ஆட்டம் திரும்பப் பொறுக்கிச் சேர்க்கும் நாடு அது. வட அமெரிக்கக் கால்பந்து லீக் 1984 பருவத்தோடு முடிந்துபோனது. 1987-இல் தொடங்கிய கனடிய லீக் 1992-இல் மூடப்பட்டது. டொராண்டோ எஃப்.சி. அமெரிக்க மேஜர் லீக்கில் சேர்ந்தது 2007-இல். கனடியன் பிரீமியர் லீக் பிறந்தது 2019-இல். இடைப்பட்ட காலத்தில் உயர்மட்ட ஆட்டம் வேண்டும் என்றால் விமானம் ஏறுவதைத் தவிர வழி இல்லை.

ஏறியவர்கள் எல்லாரும் பார்சிலோனாவில் இறங்கிவிடவில்லை. வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளுக்கான தங்கக் கோப்பையை 2000-ஆம் ஆண்டு கனடா வென்ற கதையைப் பாருங்கள். முதல் சுற்றில், விருந்தினராக வந்த தென் கொரியாவோடு எல்லாக் கணக்கிலும் சமன். நாணயம் சுண்டித்தான் கனடா அடுத்த சுற்றுக்குப் போனது. காலிறுதியில் மெக்சிகோவை வீழ்த்திய ‘கோல்டன் கோலை’ (கூடுதல் நேரத்தில் விழுந்ததுமே ஆட்டத்தை முடித்துவைக்கும் கோல்) அடித்த ரிச்சர்ட் ஹேஸ்டிங்ஸ், ஸ்காட்லாந்தின் வடபகுதியில் இன்வெர்னஸ் கழகத்துக்கு ஆடியவர். தொடரில் மிகுதியாகக் கோல் அடித்த கார்லோ கொராசின், இங்கிலாந்தின் நான்காம் அடுக்கில் நார்தாம்டனுக்கு ஆடியவர். சிறந்த வீரர் விருது பெற்ற கோல்காப்பாளர் கிரெய்க் ஃபாரஸ்ட் மட்டுமே பிரீமியர் லீக் கழகமான வெஸ்ட் ஹாமில் இருந்தார். வாரந்தோறும் ஊதியத்துக்காக, தோற்றால் ஏசும் கூட்டத்தின் முன்னால் ஆடிய பழக்கம் அவர்களுக்கு இருந்தது. உள்ளூரில் அந்தப் பழக்கம் கிடைக்க அப்போது இடமே இல்லை. வெளிநாட்டில் ஆடுகிறவரின் மதிப்பு கழகத்தின் பெயரில் இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு அந்தக் கோப்பையே பதில்.

ஹட்சின்சன் போன வழியும் இதேதான். பிராம்ப்டனில் வளர்ந்தவர், ஸ்வீடனில் ஓஸ்டர், ஹெல்சிங்போரி, பிறகு டென்மார்க்கில் கோபன்ஹேகன், நெதர்லாந்தில் பி.எஸ்.வி., கடைசியாக துருக்கியில் பெஷிக்டாஷ் என்று இருபது ஆண்டுகள் ஐரோப்பாவில் ஆடினார். ஏன் இங்கிலாந்து இல்லை என்று கேட்கலாம். இங்கேதான் ‘கேப்’ இன்னொரு முகம் காட்டுகிறது. ஐரோப்பியக் கடவுச்சீட்டு இல்லாத வீரருக்கு பிரிட்டனில் வேலை அனுமதி கிடைக்க வேண்டும் என்றால், தம் நாட்டின் அண்மைய இரண்டு ஆண்டுப் போட்டி ஆட்டங்களில் முக்கால் பங்கு ஆடியிருக்க வேண்டும், அந்த நாடும் ஃபிஃபா தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இருக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 2015-இல் அது முதல் 50 என்று இன்னும் இறுகியது. கனடாவோ 2014 அக்டோபரில் 122-ஆம் இடத்துக்குச் சரிந்திருந்தது. நாட்டுக்காக எத்தனை ஆட்டம் ஆடினாலும் அந்தச் சந்தையில் செல்லாத காசு. நல்ல கழகத்தில் இடம் கிடைக்காததால் வீரர் வளரவில்லை; வீரர் வளராததால் நாடு தரவரிசையில் ஏறவில்லை; நாடு ஏறாததால் கழகம் எடுக்கவில்லை. இந்தச் செக்குச் சுற்றிலிருந்து தப்பிய வழிகள்தான் ஸ்வீடனும் பெல்ஜியமும் துருக்கியும்.

அந்த வழிகளில் போனவர்கள் ஒரே இரவில் ஒன்றுகூடிய காட்சி 2021 நவம்பர் 16 அன்று எட்மன்டனில் நடந்தது. உறைநிலைக்குக் கீழே 9 பாகை. களத்தின் ஓரத்தில் வழித்துத் தள்ளிய பனி குவியலாகக் கிடந்தது. மெக்சிகோவுக்கு எதிராக இரண்டு கோல்களையும் அடித்த சைல் லாரின் பெஷிக்டாஷ் வீரர். இரண்டாவது கோல் விழுந்ததும் ஓடிப்போய்ப் பனிக்குவியலில் குதித்த சாம் அடெகுக்பே, துருக்கியின் ஹதாய்ஸ்போருக்கு ஆடியவர். கோலைக் காத்த மிலன் போர்யான் செர்பியாவின் ரெட் ஸ்டார் கழகத்துக்காரர். ஆட்டம் 2-1 என்று கனடாவுக்கு. 36 ஆண்டுகளுக்குப் பிறகு உலகக் கோப்பைக்கான கதவு அன்றுதான் பாதி திறந்தது.

மறு ஆண்டு கத்தாரில் குரோஷியாவுக்கு எதிராக இறங்கியபோது ஹட்சின்சனுக்கு வயது 39. அது அவருடைய நூறாவது ஆட்டம். கனடா ஆண்கள் அணியில் அந்த எண்ணைத் தொட்ட முதல் வீரர். ஆட்டம் தொடங்கி இரண்டாவது நிமிடத்திலேயே பயர்ன் மியூனிக் வீரர் அல்ஃபோன்சோ டேவிஸ் தலையால் முட்டி, உலகக் கோப்பையில் கனடா ஆண்களின் முதல் கோலை அடித்தார். 1986-இல் மூன்று ஆட்டம் ஆடி ஒரு கோல்கூட அடிக்காத நாடு. இறுதியில் 4-1 என்று தோற்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி ‘கேப்-டைடு’. போட்டி ஆட்டம் ஒன்றில் முதன்மை அணிக்காக இறங்கிவிட்ட வீரர் அந்த நாட்டோடு கட்டுண்டவர். மற்றொரு நாட்டுக்கு ஆட முடியாது என்பது அதன் பொருள். நட்பு ஆட்டம் கட்டாது. இளையோர் ஆட்டம் முழுதாகக் கட்டாது. 21 வயதுக்குள் ஒருமுறை மாறலாம் என்று 2004-இல் வழி விட்டார்கள், 2009-இல் அந்த வயது வரம்பையும் எடுத்தார்கள். 2020-இல் இன்னும் தளர்ந்தது: 21 வயதுக்கு முன் மூன்று போட்டி ஆட்டங்களுக்கு மேல் ஆடாமல், உலகக் கோப்பையிலோ கண்டக் கோப்பையின் இறுதிச் சுற்றுத் தொடரிலோ இறங்காமல், கடைசி ஆட்டத்துக்குப் பின் மூன்று ஆண்டுகள் கடந்திருந்தால் மாறிக்கொள்ளலாம்.

குடியேறிகளின் நாடான கனடாவில் ஒரு வீரருக்கு இரண்டு, மூன்று நாடுகள் உரிமை கோருவது சாதாரணம். அதனால் இந்தச் சொல் அங்கே ரசிகர்களின் வயிற்றைக் கலக்கும் சொல். கால்கரியில் பிறந்த ஓவன் ஹார்கிரீவ்ஸ் 16 வயதில் பயர்ன் மியூனிக்குக்குப் போனார். 2001-இல் இங்கிலாந்துக்கு ஆடினார். 2006 உலகக் கோப்பைக் காலிறுதியில் போர்ச்சுகலுக்கு எதிரான பெனால்டிகளில் இங்கிலாந்துக்காகக் கோல் அடித்த ஒரே ஆள் அவர்தான். அதே கால்கரியில் பிறந்த ஃபிகாயோ டொமோரி கனடாவின் 20 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடிவிட்டு இங்கிலாந்துக்குப் போனார். அஸ்மிர் பெகோவிச்சின் கதைதான் அதிகம் உறுத்துவது. பொஸ்னியப் போரிலிருந்து தப்பி, ஜெர்மனி வழியாக எட்மன்டனுக்கு வந்து சேர்ந்த குடும்பம். கனடாவின் இளையோர் அணியின் கோல்காப்பாளர்; முதன்மை அணிக்கும் அழைத்து உட்கார வைத்தார்கள், இறக்கவில்லை. 2009-இல் அவர் பொஸ்னியாவைத் தேர்ந்தெடுத்தார். 2014 உலகக் கோப்பையில் அந்த நாட்டின் கோலைக் காத்தார். நான் முதலில் சொன்ன இரண்டு ‘சேரா’தவையும் அவர் ஒருவரிடமே கூடின.

டி குஸ்மான் சகோதரர்கள் பிறந்தது ஸ்கார்பரோவில்; ஈழத்தமிழர் நிறைந்த அதே ஸ்கார்பரோதான். அண்ணன் ஜூலியன் ஸ்பெயினின் டெபோர்டிவோ உள்ளிட்ட கழகங்களில் ஆடிக்கொண்டே கனடாவுக்கு 89 ஆட்டம் ஆடினார். 12 வயதில் ரோட்டர்டாமின் ஃபெயனூர்டு பயிற்சிப் பள்ளிக்குப் போன தம்பி ஜொனாதன், நெதர்லாந்துக்கு 14 ஆட்டம் ஆடி 2014-இல் உலகக் கோப்பையின் மூன்றாம் இடத்தைப் பெற்ற அணியில் இருந்தார். தம்பியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பன்னிரண்டு வயதில் போனவனை வளர்த்தது எந்த நாடு?

எதிர்த்திசையிலும் ஆறு ஓடியது. ஒண்டாரியோவின் லெமிங்டனில் பிறந்து போர்ச்சுகலில் வளர்ந்து, அந்நாட்டு 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கும் ஆடிய ஸ்டீஃபன் யூஸ்டாக்கியோ 2019-இல் கனடாவுக்கு வந்தார். பிளாக்பர்னில் பெயரெடுத்த ஜூனியர் ஹோய்லெட், பல ஆண்டு தயக்கத்துக்குப் பின் 2015-இல் இறங்கினார். நியூயார்க்கின் புரூக்ளினில் ஹைட்டியப் பெற்றோருக்குப் பிறந்து ஒட்டாவாவில் வளர்ந்த ஜொனாதன் டேவிட்டுக்கு மூன்று நாடுகளின் கதவும் திறந்திருந்தது. கனடா ஆண்கள் அணியின் கோல் கணக்கில் இன்று முதலிடம் அவருக்கு. கானாவின் அகதி முகாமில் பிறந்த டேவிஸ் குடியுரிமை பெற்றது 2017 ஜூன் 6-இல்; ஒரே வாரத்தில், 16 வயதில், குராசாவோவுக்கு எதிராக இறக்கிவிட்டார்கள். அது நட்பு ஆட்டம்தான், கட்டாது. அடுத்த மாதமே தங்கக் கோப்பையில் இறக்கினார்கள். பெகோவிச்சிடம் சூடு கண்ட பூனை அல்லவா!

சரி, தமிழில் என்ன சொல்வது? தொப்பியை விட்டுவிடலாம். தூய தமிழும் அல்ல. உருது வழி வந்த ‘டோப்பி’ அது. ‘சர்வதேசப் போட்டி’ பொருளைத் தருகிறது, ஆனால் கிரிக்கெட்டின் ஒருநாள், டெஸ்ட் எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. ‘நாட்டாட்டம்’ என்று ஒட்டினால் கரகாட்டம் நினைவுக்கு வருகிறது.

நம்மிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது: களம். பல களம் கண்ட காளை என்று வாடிவாசலில் சொல்கிறோம். பல களம் கண்ட தலைவர் என்று மேடையில் சொல்கிறோம். ‘ஹட்சின்சன் கனடாவுக்காக 104 களம் கண்டவர்’ என்றால் விளக்கவுரை வேண்டியதில்லை. எண்ணலாம், சுருக்கமானது, வினையும் கூடவே வருகிறது. முக்கியமாக, இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் களம் காணவில்லை. ஒரு நிமிடம் இறங்கியவர் கண்டார். ஆங்கிலச் சொல்லே மறைத்துவிட்ட அந்த வேறுபாட்டை இது வெளிப்படையாகச் சொல்கிறது. கழகத்துக்கு ஆடுவதும் களம்தானே என்று கேட்டால், ‘கனடாவுக்காக’ என்ற ஒரு சொல் அந்த ஐயத்தைத் தீர்த்துவிடும். அன்கேப்டு என்பதற்குக் ‘களம் காணாத வீரர்’ போதும்.

கேப்-டைடு என்பதற்குக் ‘களப்பிணைப்பு’ என்பேன். ‘பிணை’ என்று மட்டும் எழுதினால் ஜாமீன் ஆகிவிடும். வினையாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘டேவிஸ் கனடாவுடன் பிணைந்துவிட்டார்’ என்று எழுதலாம். கால்பந்து என்பவர்களுக்கும் உதைபந்தாட்டம் என்பவர்களுக்கும் இரண்டு சொற்களும் ஒருசேரப் பொருந்தும்.

கிறிஸ்டின் சின்க்ளேருக்கும் பொருத்திப் பார்த்துவிட்டேன். கனடா பெண்கள் அணிக்காக 331 களம் கண்டவர், 190 கோல் அடித்தவர். நாட்டு அணியிலிருந்து அவர் ஓய்வு பெற்றது 2023 டிசம்பரில். கனடாவில் பெண்களுக்கான தொழில்முறை லீக் தொடங்கியது 2025 ஏப்ரலில். அதுவரை அந்த அணியில் தொழில்முறையாக ஆடியவர்கள் எல்லாருமே வெளிநாட்டுக் கழகங்களை நம்பித்தான் இருந்தார்கள், ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆண்டிலும்.