காப்புக் கடன்கழிப்பு: 'டெட் ஃபார் நேச்சர் ஸ்வாப்' என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

காடு, கடல், காப்பகம் பற்றிய வெளிநாட்டுச் செய்திகளில் சில ஆண்டுகளாக அடிக்கடி தலைகாட்டும் தொடர் 'டெட் ஃபார் நேச்சர் ஸ்வாப்'. தமிழில் இதை 'கடனுக்கு இயற்கைப் பரிமாற்றம்', 'இயற்கைக்கு ஈடான கடன் மாற்று' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதிவிடலாம். படிப்பவருக்கு என்ன புரியும்? கடனைக் கட்ட முடியாத ஒரு நாடு தன் காட்டைக் கடன்காரரிடம் எழுதிக் கொடுத்துவிட்டது என்றுதான் புரியும். நடப்பது அதுவல்ல. பல்லுயிர் காக்கும் வேலைக்குப் பன்னாட்டுப் பணம் வரும் முக்கியமான வழிகளில் இதுவும் ஒன்று. அதன் பெயரே தப்பான படத்தைக் காட்டினால், அதைப் பற்றி நாம் பேசும் எல்லாமே கோணலாகப் போகும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஒரு நாடு வெளிநாட்டு வங்கிகளிடம் டாலரில் கடன் வாங்கியிருக்கிறது. திருப்பிக் கட்டுமா என்ற சந்தேகம் வந்ததும், கடன் கொடுத்தவர்கள் அந்தக் கடன் பத்திரத்தை வந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். 100 டாலர் பத்திரம் சந்தையில் 50க்கும் போகும், 15க்கும் போகும். அந்த நேரத்தில் ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு பணம் திரட்டி, அந்தப் பத்திரங்களைக் குறைந்த விலையில் வாங்குகிறது, அல்லது அரசே வாங்கிக்கொள்ளப் புதிய, மலிவான கடனுக்கு ஏற்பாடு செய்து தருகிறது. பழைய கடன் கணக்கிலிருந்து போய்விடுகிறது. பதிலுக்கு அந்த நாடு, இன்ன காட்டை அல்லது கடற்பகுதியைக் காப்பகமாக அறிவிப்பேன், மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை உள்நாட்டிலேயே ஒரு பாதுகாப்பு நிதியில் ஆண்டுதோறும் கட்டுவேன் என்று ஒப்புக்கொள்கிறது. இந்தத் தவணையைப் பெரும்பாலும் சொந்த நாணயத்திலேயே கட்டலாம். டாலருக்கு அலைய வேண்டியதில்லை என்பது ஏழை நாட்டுக்குப் பெரிய ஆறுதல்.

இதில் கைமாறுவது கடன் பத்திரம் மட்டும்தான். காட்டின் உரிமை நாட்டிடமே இருக்கிறது.

இந்த யோசனையை முன்வைத்தவர் தாமஸ் லவ்ஜாய், அமேசான் காடுகளில் நெடுங்காலம் ஆய்வு செய்த அமெரிக்க உயிரியலாளர். 1982 ஆகஸ்டில் மெக்சிகோ தன்னால் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அடுத்தடுத்து லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவும் அதே நிலைக்கு வந்தன. கஜானா காலியானால் எந்த அரசும் முதலில் கைவைப்பது வனத்துறை, பூங்காக்கள் போன்றவற்றின் ஒதுக்கீட்டில்தான். ஏற்றுமதிக்காக மரம் வெட்டுவதும் கூடும். கடன் நெருக்கடியும் காட்டழிவும் ஒரே முடிச்சு என்று பார்த்த லவ்ஜாய், 1984இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இதைக் கட்டுரையாக எழுதினார். அப்போது அவர் உலக வனவிலங்கு நிதியத்தின் அமெரிக்கப் பிரிவில் இருந்தார்.

பெயரின் அச்சு நிதிச் சந்தையிலிருந்து வந்தது. 1981இல் உலக வங்கியும் ஐபிஎம் நிறுவனமும் தங்கள் நாணயக் கடன்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்ட பிறகு 'ஸ்வாப்' என்பது வங்கிக்காரர்களின் அன்றாடச் சொல்லாகிவிட்டது. கடன் பத்திரத்தைக் கொடுத்து ஒரு நாட்டின் தொழிற்சாலைகளில் பங்கு வாங்குவதை 'டெட் எக்விட்டி ஸ்வாப்' என்றார்கள். பங்கு இருந்த இடத்தில் இயற்கையை வைத்ததும் நம் தொடர் பிறந்துவிட்டது. அங்கேதான் சிக்கலும் ஒட்டிக்கொண்டது. பங்கு மாற்றில் பங்கு உண்மையாகவே கைமாறும். இங்கே இயற்கை யார் கைக்கும் போவதில்லை.

'ஸ்வாப்' என்ற சொல்லுக்கு இடைக்கால ஆங்கிலத்தில் அடித்தல் என்று பொருள். பேரம் படிந்ததும் இருவரும் கையில் கை அடித்துக்கொள்வார்கள், அதிலிருந்து பண்டமாற்றுக்குப் பெயரானது. நம் ஊரில் கையில் அடித்துச் சத்தியம் செய்வதும் இதே கைதான். பொருளைவிட வாக்குறுதி முக்கியம் என்ற அந்தப் பழைய சாயல் இந்த ஒப்பந்தங்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் அது தேய்ந்துபோய் வெறும் மாற்றாக நிற்கிறது.

முதல் ஒப்பந்தம் 1987 ஜூலையில் பொலிவியாவில் நடந்தது. கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு, பொலிவியாவின் 6,50,000 டாலர் கடனை வெறும் 1,00,000 டாலருக்கு வாங்கி ரத்து செய்தது. பதிலுக்கு பெனி உயிர்க்கோளக் காப்பகத்துக்குச் சட்டப் பாதுகாப்பு, அதைச் சுற்றிச் சுமார் 15 லட்சம் ஹெக்டேரில் கட்டுப்பாடுள்ள வளையப் பகுதி, பராமரிப்புக்கு உள்நாட்டு நாணயத்தில் 2,50,000 டாலர் மதிப்புள்ள நிதி. காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. உள்நாட்டு நிதி சொன்ன நேரத்தில் வரவில்லை, 1989 வரை இழுத்தது. வளையப் பகுதியில் மரம் வெட்டும் கம்பெனிகளின் வேலையும் நிற்கவில்லை. இன்னொரு பக்கம், நாட்டின் மண்ணை வெளிநாட்டவருக்கு விற்றுவிட்டார்கள் என்ற பேச்சு பொலிவியாவில் பரவியது. விற்கவில்லை என்று அரசு விளக்க வேண்டியிருந்தது. அந்தப் பேச்சு பரவ இந்தப் பெயரும் கைகொடுத்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். கடனுக்கு இயற்கை என்று எழுதியிருப்பதைப் படிப்பவர் வேறு எப்படித்தான் எடுத்துக்கொள்வார்?

இதையெல்லாம்விடப் பெரிய பிழை ஒன்று உண்டு. அந்தக் காட்டில் சிமானே முதலிய பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒப்பந்தம் பேசியபோது அவர்களை யாரும் கலந்தாலோசிக்கவில்லை. 1990இல் பெனி பகுதிப் பழங்குடி மக்கள் டிரினிடாட் நகரிலிருந்து அரசு இயங்கும் லா பாஸ் நகர் வரை, தாழ்நிலக் காட்டிலிருந்து ஆண்டீஸ் மலை ஏறி, 600 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார்கள். நிலத்துக்கும் மாண்புக்குமான நடைப்பயணம் என்பது அதன் பெயர். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகுதான், அந்த ஆண்டு செப்டம்பரில், சிமானே காட்டின் ஒரு பகுதி உட்பட அவர்களுடைய நிலங்களை அரசாணை மூலம் அரசு ஏற்றுக்கொண்டது. கடன்காரரும் கடனாளியும் பாதுகாப்பு அமைப்பும் மேசையில் உட்கார்ந்து, அந்த மண்ணில் வாழ்பவர் வெளியே நின்றால், கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் அதை நல்ல ஒப்பந்தம் என்று என்னால் சொல்ல முடியாது.

அதன் பிறகு எக்வடோர், கோஸ்டா ரிக்கா, பிலிப்பைன்ஸ், மடகாஸ்கர் என்று வரிசை நீண்டது. அமெரிக்கா 1998இல் வெப்பமண்டலக் காடுகளுக்காகவே ஒரு சட்டம் இயற்றி, தனக்கு வர வேண்டிய அரசுக் கடன்களை இப்படிக் கழிக்கத் தொடங்கியது. அதில் முதலில் சேர்ந்த நாடு வங்கதேசம், 2000இல். அந்தப் பணத்தை நிர்வகிக்க அங்கே உருவான அமைப்பின் பெயர் 'ஆரண்யக்'. நமக்குத் தெரிந்த ஆரண்யம்தான்.

கடலுக்கு இதை நீட்டியது சீஷெல்ஸ். தலைநகர் விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறதே, தமிழ் வம்சாவளியினர் வாழும் அதே தீவு நாடு. 2016இல் நேச்சர் கன்சர்வன்சி அமைப்பின் ஏற்பாட்டில் சுமார் 2.16 கோடி டாலர் கடன் இந்த முறையில் மாற்றியமைக்கப்பட்டது. அரசு கட்டும் தவணையைப் பெற உள்நாட்டிலேயே ஒரு அறக்கட்டளை அமைந்தது. சொன்னபடியே 2020 மார்ச்சுக்குள் தன் கடலில் 30 சதவீதத்தை, அதாவது 4 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல், சீஷெல்ஸ் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. ராட்சத ஆமைகளுக்குப் பெயர்போன அல்டாப்ரா தீவைச் சுற்றியுள்ள கடலும் அதில் அடக்கம்.

2021இல் மத்திய அமெரிக்க நாடான பெலிஸ் 55.3 கோடி டாலர் கடனை டாலருக்கு 55 சென்ட் விலையில் திரும்ப வாங்கியது. 2023இல் எக்வடோர், தன் கலாபகஸ் தீவுகளைச் சுற்றியுள்ள கடலை முன்வைத்து, சுமார் 160 கோடி டாலர் பத்திரங்களை ஏறத்தாழ 65 கோடி டாலர் புதுக்கடனில் மீட்டது. பொலிவியாவின் ஆறரை லட்சத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தூரம். தொகை பெருகப் பெருக வங்கிகள், காப்பீட்டாளர்கள், வழக்கறிஞர்கள் எல்லாரும் உள்ளே வருகிறார்கள். கடலுக்குப் போவது எவ்வளவு, இவர்கள் கட்டணமாகப் போவது எவ்வளவு என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. நியாயமான கேள்விதான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்?

'மாற்று', 'பரிமாற்றம்' இரண்டும் பொருள் கைமாறுவதைக் குறிப்பவை. 'கைமாற்று' என்று சுருக்கினால் இன்னும் மோசம், அது எழுத்தும் வட்டியும் இல்லாமல் அவசரத்துக்கு வாங்கும் சிறுகடன். 'ஈடு' கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஈடு வைப்பது என்றால் நமக்கு அடமானம். 'கடனுக்கு ஈடாக இயற்கை' என்று எழுதினால் கடலைக் கொண்டுபோய் அடகுக் கடையில் வைத்த மாதிரி ஆகிவிடும். 'கடன் தள்ளுபடி' சரிவராது, தள்ளுபடியில் கடனாளி பதிலுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிக்கடன் தவணைகளை நிறுத்திய பிறகு அங்குள்ள தமிழ் வாசகர்களுக்கு 'கடன் மறுசீரமைப்பு' நன்கு பழகிவிட்டது. அது பொதுச்சொல். வட்டி, தவணைக்காலம், அசல் எதை மாற்றினாலும் அந்தப் பெயர்தான். காப்பகம் பற்றிய உறுதி அதில் தெரியாது.

நம் பேச்சில் இருக்கவே இருக்கிறது 'கழித்தல்'. 'கூலியைப் பழைய பாக்கியில் கழித்துக்கொள்ளுங்கள்', 'வேலை செய்தே கடனைக் கழித்துவிட்டார்' என்கிறோம். கடன் ஒன்று இருந்தது, பணமாகத் திருப்பாமல் ஒரு வேலையைச் செய்து அதைக் குறைத்தார்கள், வேலை செய்தவர் எதையும் விற்கவில்லை என்பதெல்லாம் அந்த ஒரு வினையில் அடங்கிவிடுகிறது. கூட ஒட்டுவதற்குக் 'காப்பு' இருக்கிறது. வனத்துறைப் பலகைகளில் 'காப்புக்காடு' என்று பார்த்திருப்பீர்கள், 'காப்பகம்' அன்றாடச் சொல். ஆகவே 'காப்புக் கடன்கழிப்பு'. விரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'இயற்கைக் காப்புக் கடன்கழிப்பு'. கடன் கழிப்பது என்றால் காலைக்கடன் நினைவுக்கு வருமே என்று சிலர் தயங்கலாம். அந்தக் 'கடன்' கடமை என்ற பழைய பொருளில் வருவது. நேர்த்திக்கடனிலும் அதே பொருள்தான். இங்கேயும் காப்பது ஒரு கடமையாக ஏற்கப்படுவதால் அந்த நிழல் விழுவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இந்த ஒப்பந்தங்களில் கூடவே வரும் இன்னொரு சொல் 'எண்டோமென்ட்'. அறக்கட்டளை என்றே இதையும் சொல்கிறோம், கல்லூரிகளில் நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவு அந்தப் பொருளில்தான். ஆனால் 'டிரஸ்ட்' என்பதற்கும் அதே சொல்லை வைத்துக்கொண்டிருப்பதால் குழப்பம் வருகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலில் அணையாமல் எரியும் நொந்தாவிளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் விடுவார்கள், 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதியிருக்கும். மந்தையின் எண்ணிக்கை குறையக்கூடாது, அதிலிருந்து வரும் நெய்யில் விளக்கு எரிய வேண்டும். எண்டோமென்டின் இலக்கணம் அப்படியே இதுதான்: முதல்தொகையில் கைவைக்காமல், அதிலிருந்து வரும் வரவில் வேலை நடத்துவது. இதை 'நிலைமுதல்' என்று தனியாகச் சொல்லலாம். சீஷெல்ஸ், பெலிஸ் ஒப்பந்தங்களில் கட்டப்படும் பணத்தில் ஒரு பகுதி இப்படி நிலைமுதலாகச் சேர்கிறது. கடன்தவணை முடிந்த பிறகும் காவல் படகுக்கு டீசல் போட வேண்டுமே.

வெளிநாட்டுப் பணம் எல்லாமே கடன்கழிப்பு ஆகிவிடாது. மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்துக்கு, ஐநா வளர்ச்சித் திட்டத்தின் வழியாக உலகச் சுற்றுச்சூழல் நிதியம் கொடுத்தது 'கொடை'. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ராமநாதபுரத்தில் அதற்கென்று ஒரு அறக்கட்டளை இயங்கியது. சீஷெல்ஸ் 2018இல் 1.5 கோடி டாலருக்கு வெளியிட்டது 'நீலக் கடன்பத்திரம்', அது புதிதாக வாங்கிய கடன். 2016இல் நடந்த கடன்கழிப்பும் இதுவும் வெவ்வேறு, இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவது ஆங்கிலத்திலேயே உண்டு.

2022 டிசம்பரில் ஐநா பல்லுயிர் மாநாட்டுக்காக மான்ட்ரியலில் கூடிய நாடுகள், 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காப்பதென்றும், அதற்குள் வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 3,000 கோடி டாலராவது போய்ச்சேர வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. கொடையாக மட்டும் அவ்வளவு பணம் வரும் வழி தெரியவில்லை. எனவே இந்தச் சொல் இன்னும் நிறையச் செய்திகளில் வரும். அப்போது 'எக்வடோர் கலாபகஸைக் கடனுக்கு மாற்றியது' என்று தலைப்புப் போடாமல், 'கலாபகஸ் கடலைக் காக்க எக்வடோரின் கடன்கழிப்பு' என்று போடலாம். எவ்வளவு கடன் குறைந்தது, நிலைமுதலுக்கு எவ்வளவு போகிறது, அந்தக் கரையில் மீன் பிடிப்பவர்களைக் கேட்டார்களா என்பதைக் கீழே முதல் பத்தியிலேயே எழுதிவிடலாம்.