தகவல் ஒழுங்கமைப்பு: 'இன்போமேஷன் ஆக்கிடெக்சர்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்?

போன மாதம் திருகோணமலை உவர்மலையில் இருக்கும் என் பெரியம்மா கைபேசியை என்னிடம் நீட்டினார். பேரனின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பிரதி எடுக்க வேண்டும், அதற்கு விண்ணப்பப் படிவம் தேவை. ஓர் அலுவலகத்தின் இணையத்தளத்தைத் திறந்து வைத்திருந்தார். 'எங்களைப் பற்றி', 'பிரிவுகள்', 'வெளியீடுகள்', 'ஏனையவை' என்று நான்கு தலைப்புகள். பிரிவுகளுக்குள் போனால் கிளைகளின் பெயர்கள்தான் வரிசையாக இருந்தன. எந்தக் கிளை எந்த வேலையைச் செய்கிறது என்று பெரியம்மாவுக்கு எப்படித் தெரியும்? கடைசியில் 'வெளியீடுகள்' என்பதற்குள், பழைய ஆண்டறிக்கைகளுக்குக் கீழே படிவம் கிடந்தது. "இருக்குது தம்பி, ஆனா இருக்கிற இடம் தெரியேல்லையே" என்றார்.

இருக்கிற இடத்தைத் தெரிய வைப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஒரு தளத்தில் உள்ள தகவல்களை இனம் பிரிப்பது, ஒவ்வோர் இனத்துக்கும் பெயர் வைப்பது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி விடுவது, தேடினால் அகப்படச் செய்வது ஆகியவை அதன் வேலைகள். இதைத்தான் ஆங்கிலத்தில் இன்போமேஷன் ஆக்கிடெக்சர் என்கிறார்கள்.

முதற்சொல் லத்தீன் வழி வந்தது. 'உருக்கொடுத்தல்' என்பது அதன் அடிப்படைப் பொருள். இரண்டாவதன் மூலம் 'ஆர்க்கிடெக்டோன்' என்ற கிரேக்கச் சொல். ஆர்க்கி என்றால் தலைமை, டெக்டோன் என்றால் தச்சன். வடமொழியில் தச்சனைக் குறிக்கும் 'தக்ஷன்' இந்த டெக்டோனோடு ஒரே வேரில் பிறந்தது. ஆக, ஆக்கிடெக்ட் என்பவர் மூலத்தில் ஒரு தலைமைத் தச்சர். இரண்டு சொற்களையும் சேர்த்து 1976இல் பரப்பியவரும் ஒரு கட்டடக் கலைஞர்தான், அமெரிக்கரான ரிச்சர்ட் சோல் வுர்மன். அந்த ஆண்டு அமெரிக்கக் கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் தேசிய மாநாட்டுக்குத் தலைமை வகித்தபோது இதையே கருப்பொருளாக வைத்தார். இணையத்துக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் லூயிஸ் ரோசன்பெல்ட், பீற்றர் மோர்வில் ஆகிய இருவர். 1998இல் அவர்கள் எழுதிய நூலே இத்துறைக்கு அடிப்படை நூலாயிற்று. இருவரும் நூலகவியல் படித்தவர்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. பெயரைக் கட்டடத்திலிருந்து எடுத்தாலும், வேலையைக் கற்றது நூலகத்தில்.

நூலகம் என்றதும் நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூல்களை இனம் பிரிக்க 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் அடைப்பதில்லை. ஆளுமை (எதைப் பற்றியது), பொருள் (எதனால் ஆனது), ஆற்றல் (என்ன நடக்கிறது), இடம், காலம் என ஐந்து பக்கங்களிலிருந்து அதைப் பார்க்கச் சொல்கிறது.

இதைத் திருக்கடலூர்ப் பக்கம் ஒரு மீன்பிடிச் சாமான் கடையில் வைத்து விளங்கிக்கொள்ளலாம். அங்கே தூண்டில் முட்களைப் பிஸ்கற் டின்களில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மூடியிலும் உள்ளே இருக்கும் முள்ளில் ஒன்று தங்கூசியால் கட்டப்பட்டிருக்கும். எழுத்தே தேவையில்லை. ஆனால் வருகிறவர்கள் ஒரே மாதிரிக் கேட்பதில்லை. ஒருவர் நம்பர் சொல்லுவார், இன்னொருவர் "பாரைக்குப் போடுற முள்" என்பார், மற்றவர் ஆழத்தைச் சொல்லிக் கேட்பார். மூவருக்கும் ஒரே டின்தான் இறங்கும், ஏனென்றால் கடைக்காரரின் தலைக்குள் மூன்று வழிகளும் இருக்கின்றன. இணையத்தளத்தில் அப்படி ஓர் ஆள் நிற்பதில்லை. அந்த மூன்று வழிகளையும் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். கடைத்தளங்களில் விலை, அளவு, நிறம் என்று தெரிவுசெய்து சுருக்கிக்கொண்டு போகிறோமே, அதுவும் ரங்கநாதன் காட்டிய இதே பாதைதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தகவல் கட்டடக்கலை' என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. கேட்பவருக்குச் சீமெந்தும் கல்லும்தான் ஞாபகம் வரும். 'தகவல் கட்டமைப்பு' என்று பலர் எழுதுகிறார்கள், பிழையில்லை. ஆனால் வீதி, மின்சாரம் எல்லாவற்றையும் உட்கட்டமைப்பு என்கிறோம், கணினிப் பாடத்தில் தரவுக் கட்டமைப்பு வேறு இருக்கிறது. 'தகவல் யாப்பு' என்றும் யோசித்துப் பார்த்தேன். கட்டுதல் என்ற பொருளும் உண்டு, அழகாகவும் இருக்கிறது. ஆனால் இங்கே விளையாட்டுக் கழகத்துக்கே யாப்பு உண்டு; சட்டதிட்டம் என்றே எடுத்துக்கொள்வார்கள். நான் 'தகவல் ஒழுங்கமைப்பு' என்பதையே எழுதுகிறேன். ஒழுங்கமைத்தல் என்று வினையாகவும் வரும், ஒழுங்கமைப்பாளர் என்று ஆளுக்கும் ஆகும்.

இதன் பாதி வேலை பெயரிடல். மாவட்டச் செயலகம் என்று பலகை சொல்லும், சனம் கச்சேரி என்றே சொல்லும். கிராம உத்தியோகத்தரை ஜி.எஸ். என்பார்கள், வயதானவர்கள் இன்னும் விதானை என்பார்கள். ஊரின் பெயரும் அப்படித்தான். திருகோணமலை என்றும் திருக்கோணமலை என்றும் எழுதுகிறோம், வாயில் வருவதோ திருமலை. அதை அப்படியே தேடினால் திருப்பதி மலை வந்து நிற்கிறது. தலைப்பில் முறையான பெயரே இருக்கட்டும். தேடும் பெட்டிக்கு மற்றப் பெயர்களும் தெரிந்திருக்க வேண்டும்: கச்சேரி என்று தட்டினாலும், விதானை என்று தட்டினாலும், உரிய பக்கம் திறக்க வேண்டும்.

பெரியம்மா தேடியது 'போம்', அதாவது படிவம். 'படிவங்கள்' என்று ஒரு தலைப்பு முகப்பில் இருந்திருந்தால் கைபேசி என் கைக்கு வந்திருக்காது.