கிராம சபையில் பேசினீர்கள், சரி. தீர்மானத்தில் ஏறியதா?

ஒவ்வொரு கிராம சபை முடிந்ததும் வருகிற புகார் ஒன்றுதான். "அரை மணி நேரம் பேசினேன் சார், எல்லாரும் கைதட்டினாங்க, தலைவரும் பார்த்துச் செய்யலாம்னு சொன்னார். ஆறு மாசமாச்சு, ஒண்ணும் நடக்கலை." தீர்மானத்தில் என்ன எழுதினார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. கையெழுத்து எப்போது போட்டீர்கள் என்றால், "உள்ளே போகும்போதே நோட்டில் போட்டுட்டேனே" என்பார்கள். இதே உரையாடலை இன்னொரு முறை நடத்தத் தெம்பில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

கிராம சபையில் நீங்கள் பேசுவது தானாக எங்கும் பதிவாவதில்லை. அங்கே சுருக்கெழுத்தாளர் கிடையாது. ஊராட்சி செயலர் நோட்டில் குறித்துக்கொண்டிருப்பது உங்கள் பேச்சாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலும் அது மேலிருந்து வந்த கூட்டப் பொருள் பட்டியலாகத்தான் இருக்கும். உங்கள் மகன் வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கலாம், ஆயிரம் பேர் பார்த்திருக்கலாம். வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போவது அந்த வீடியோ இல்லை, தீர்மானத்தின் நகல். அதில் உங்கள் தெருவின் பெயர் இல்லையென்றால், அரசாங்கத்தின் கணக்கில் நீங்கள் வாய் திறக்கவே இல்லை. "தலைவர் எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டாரே" என்பதற்கும் இதே பதில்தான். தலைவர் ஒத்துக்கொள்வது பெருந்தன்மை. சபை தீர்மானிப்பது சட்டம். 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3-ஆம் பிரிவு கிராம சபையை அமைத்தது ஊர்க்காரர்கள் மனக்குறையைக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போவதற்காக அல்ல. ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்துக்கும் வரவு செலவுக்கும் ஒப்புதல் கொடுக்கும் இடம் அது. ஒப்புதல் என்றால் எழுத்தில்.

அடுத்தது கையெழுத்து. வருகைப் பதிவேடு வேறு, தீர்மானப் புத்தகம் வேறு. கூட்டம் செல்லுபடியாகக் குறைவெண் வரம்பு, பேச்சுவழக்கில் கோரம், வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கைக்குத்தான் காலையிலேயே ஆள் பிடிப்பார்கள். வேலைத்தளத்திலிருந்து அழைத்து வருவது, வீட்டுக்கு வீடு நோட்டை நீட்டுவது எல்லாம் இதற்காகத்தான். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள், தப்பில்லை. மேலே தேதியும் கூட்டத்தின் பெயரும் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை தடவை சொல்வது! நீங்கள் போட்ட கையெழுத்துக்கு மேலே "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று பிறகு எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். எழுதிய பிறகு, "நான் அன்னைக்கு எதிர்த்துத்தான் பேசினேன்" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தீர்மானங்களை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும், கடைசி வரிக்குக் கீழே மிச்சமிருக்கும் இடத்தைக் கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு பேனாவை எடுங்கள்.

எதைக் கேட்பது என்பதிலும் குழப்பம் உண்டு. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டு ஆகியவற்றில் ஊராட்சி முடிவெடுக்க முடியாது. அவற்றுக்குத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம் இருக்கிறது. டாஸ்மாக் கடையை அகற்றச் சொல்லித் தீர்மானம் போடலாம், போடவும் வேண்டும். ஆனால் அது மேலே அனுப்பும் கோரிக்கை மட்டுமே, உத்தரவாகாது. தெருவிளக்கு, குடிநீர், கழிவுநீர்க் கால்வாய், ஊராட்சிச் சாலை, துப்புரவு, சுடுகாடு: இவை சட்டத்தின் 110-ஆம் பிரிவு ஊராட்சியின் தலையில் கட்டிய கடமைகள். இவற்றில் "பார்க்கலாம்" என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை.

சரி, எப்படிக் கேட்பது? தீர்மானத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். முழு வெள்ளைத் தாளில் பாதிப் பக்கம் போதும். "எங்க தெருவுல சாக்கடை சரியில்லை" என்று எழுதினால், புத்தகத்தில் "கழிவுநீர் வசதி மேம்படுத்த நிதிநிலைக்கேற்ப நடவடிக்கை எடுக்கலாம்" என்று ஏறும். அந்த "நிதிநிலைக்கேற்ப" என்ற சொல்லைக் கண்டால் உஷாராகுங்கள். அதற்குள் எத்தனையோ ஊர்களின் சாக்கடை புதைந்து கிடக்கிறது. இப்படி எழுதுங்கள்: "3-ஆவது வார்டு கிழக்குத் தெருவில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி முதல் அங்கன்வாடி வரை சுமார் 120 மீட்டர் நீளக் கழிவுநீர்க் கால்வாய் தூர்ந்துள்ளது. இதைத் தூர்வாரி, உடைந்த 14 மூடிகளை மாற்றும் பணியை ஊராட்சிப் பொது நிதியிலிருந்து, அடுத்த கிராம சபைக்குள் முடிக்கத் தீர்மானிக்கப்படுகிறது." இடம், அளவு, பணி, நிதி, கெடு. இந்த ஐந்தில் ஒன்று விட்டுப்போனாலும் நழுவ வழி கிடைத்துவிடும். நீளத்தை முன்கூட்டியே டேப் வைத்து அளந்துவிடுங்கள். மூடிகளை எண்ணுங்கள். இரண்டு போட்டோ பிரிண்ட் எடுத்துப் பின்னால் குத்துங்கள்.

இந்தத் தாளைக் கூட்டத்தன்று முதன்முதலாக நீட்டுவது கடைசி வழி. கிராம சபைக்கு ஏழு நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். அதற்கும் ஒரு வாரம் முன்பே தலைவரிடம் கொடுத்து, கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். இன்னொரு பிரதி வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. உங்கள் பிரதியில் தேதியுடன் ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நாள் தெரியாது என்று சொல்ல வேண்டாம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. புதுச் சாலை, புதுத் தொட்டி போன்ற பெரிய பணிகளை அக்டோபர் 2-க்குக் குறிவையுங்கள். அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அப்போதுதான் பேசப்படும். ஜனவரியில் போய்க் கேட்டால், திட்டத்தில் இல்லையே என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும். (கூட்டத்தை மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் வைக்கக் கூடாது. கோயில் மண்டபத்தில் வைத்தால், உள்ளே வர முடியாதவர்களின் கோரிக்கை எந்தத் தாளில் ஏறும்?)

பேசுவது இரண்டு நிமிடத்தில் முடியட்டும். பெயர், வார்டு, ஒரே ஒரு கோரிக்கை. ஒன்பது குறையை ஒரே மூச்சில் சொன்னால் செயலர் எதையும் எழுத மாட்டார்; எழுதாததற்குக் காரணமும் கிடைத்துவிடும். தாளை வாசியுங்கள், "இதைத் தீர்மானமாகக் கொண்டு வருகிறேன், சபை ஆதரவு தர வேண்டும்" என்று முடியுங்கள். ஆதரித்து எழுந்து நிற்க வெவ்வேறு தெருக்களிலிருந்து நான்கைந்து பேரிடம் முன்பே சொல்லி வையுங்கள். எல்லாரும் ஒரே தெருவாக, ஒரே சொந்தமாக இருந்தால் அது கோஷ்டிச் சண்டையாகத்தான் பார்க்கப்படும். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே சபையின் உறுப்பினர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஓட்டை நகரத்துக்கு மாற்றிக்கொண்ட தம்பிகள் ஆவேசமாகப் பேசப் போய், "நீ யாரு இந்த ஊருக்கு" என்ற ஒரே கேள்வியில் விஷயம் திசைமாறிவிடுகிறது. தயவுசெய்து எழுதிக் கொடுத்து அம்மாவைப் பேசச் சொல்லுங்கள்.

ஊழல் என்று கத்தாதீர்கள். ஆதாரமில்லாமல் ஆளைப் பார்த்துத் "திருடன்" என்றால் அவதூறு வழக்கு உங்கள் மேல்தான் வரும், சாக்கடை அப்படியே கிடக்கும். அதற்குப் பதில் கணக்கைக் கேளுங்கள். வரவு செலவை, படிவம் 30-ஐ, சபையில் வைத்து வாசிக்க வேண்டும். "மோட்டார் பழுது என்று எழுதியிருக்கிறதே, எந்த மோட்டார், எந்தத் தேதி, வவுச்சர் எங்கே?" என்று அமைதியாகக் கேட்கலாம். கூட்டத்துக்கு முன் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சியின் திட்டத்தையும் பணப் பட்டுவாடாவையும் பார்த்துவிட்டுப் போனால் கேள்வி கூர்மையாகும்.

எழுத மறுக்கிறார்களா? சண்டை வேண்டாம். கூட்டத்துக்கு ஒரு பற்றாளர், அதாவது கூட்டத்தைக் கவனிக்க அனுப்பப்பட்ட அரசு அலுவலர், வந்திருப்பார். அதே தாளின் கீழே "இத்தீர்மானத்தைப் பதிவு செய்ய மறுக்கப்பட்டது" என்று எழுதி, ஆதரித்தவர்கள் கையெழுத்திட்டு, அவரிடம் அப்போதே கொடுங்கள். நகல்கள் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கும். நீங்கள் எதிர்க்கும் தீர்மானம் நிறைவேறினால், உங்கள் எதிர்ப்பைப் பெயருடன் பதியச் சொல்லுங்கள்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாநகராட்சி மாமன்றத்திலோ நகர்மன்றத்திலோ விவாதம் உறுப்பினர்களுக்கு உரியது. அங்கே எழுந்து பேசினால் வெளியே அனுப்புவார்கள். உங்களுக்கான இடம் பகுதி சபை, அதாவது வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடும் கூட்டம். மேலே சொன்ன தாள் அங்கேயும் செல்லும்.

கூட்டம் முடிந்த வாரமே தீர்மான நகலைக் கேளுங்கள். தராவிட்டால் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. "என் தீர்மானத்தின் நகல்" என்று கேட்டால் அப்படி எதுவும் இல்லை என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். இன்ன தேதிக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகப் பக்கங்கள் முழுவதும், வருகைப் பதிவேட்டுடன் என்று கேளுங்கள். அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கிராம சபையில் முதல் ஆளாக எழுந்து, சென்ற கூட்டத் தீர்மானங்களின் மீது எடுத்த நடவடிக்கையை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடிக்கும்வரை புதிய பொருளுக்குப் போக விடாதீர்கள்.