ஃபேட் லாவா: தமிழில் என்ன சொல்லலாம்?

மேற்கு ஜெர்மனியில் 1960, 70களில் செய்த பூச்சாடிகளைச் சேர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் பெயர் 'ஃபேட் லாவா'. சாடியின் மேல் தடிப்பாக வழிந்து, குமிழ்விட்டு, குழிகுழியாக உறைந்துபோன மெருகை அது குறிக்கும்.

'லாவா' இத்தாலியச் சொல். நேப்பிள்ஸ் வட்டாரத்தில் மழை பெய்து தெருவில் புரண்டோடும் வெள்ளத்தைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். அப்புறம் பக்கத்து வெசூவியஸ் எரிமலையிலிருந்து வழிந்ததற்கும் அதே பெயர் வந்தது. 'ஃபேட்' ஆங்கிலம், இங்கே தடித்த என்று பொருள். இரண்டையும் சேர்த்த பெயர் பிற்பாடு ஆங்கிலச் சேகரிப்பாளர்கள் வழியாகப் பரவியது. 2006இல் இங்கிலாந்தின் கிங்ஸ் லின் நகரில் நடந்த கண்காட்சியும், அதையொட்டி மார்க் ஹில் எழுதிய நூலும் அதை நிலைநிறுத்தின. ஜெர்மன் மொழியில் 'லாவாகிளாசூர்' என்பார்கள். 'கிளாசூர்' என்றால் மெருகு.

மெருகுக் கலவையில் சிலிக்கான் கார்பைடு சேர்த்தால், சூளையின் சூட்டில் வாயு கிளம்பும். கலவை கெட்டியாக இருப்பதால் குமிழ் வெடித்த இடம் மூடிக்கொள்ளாமல் பள்ளமாகவே நின்றுவிடும். ஷாய்ரிஷ், ரூஷா, கார்ஸ்டென்ஸ் என்று பல நிறுவனங்கள் இப்படிச் செய்தன.

இதைக் 'கொழுப்பு எரிகுழம்பு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். 'எரிகுழம்பு மெருகு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. தண்ணீராக இருந்தால் ரசம், கெட்டியாக இருந்தால்தானே குழம்பு? 'தடித்த' என்பதைத் தனியாகச் சொல்லவே வேண்டாம். ஆங்கிலப் பெயரில் விட்டுப்போன மெருகும் இதில் வந்துவிடுகிறது. இவற்றைப் பீங்கான் என்பதையும் தவிர்க்கலாம், பெரும்பாலும் சுடுமண்தான். ஆக, 'எரிகுழம்பு மெருகிட்ட சுடுமண் சாடி'.

வாங்கும்போது சாடியைக் கவிழ்த்துப் பாருங்கள். பல சாடிகளில் நிறுவனப் பெயர் இருக்காது. ஒட்டியிருந்த காகிதச் சீட்டு உதிர்ந்திருக்கும். 'மே. ஜெர்மனி' என்ற சுருக்கமும் 517-30 போன்ற எண்ணும் ஆங்கில எழுத்தில் பதிந்திருக்கும். 517 வடிவத்தின் எண், 30 சென்டிமீட்டரில் உயரம்.

வீட்டில் வைக்கும்போது நேர் எதிரே விளக்கு வேண்டாம், குழிகள் தட்டையாகத் தெரியும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். மாலை வெயில் சாய்வாக விழுந்தால் ஒவ்வொரு குழியிலும் நிழல் கட்டும், ஆரஞ்சு விளிம்பு மட்டும் பளிச்சென்று எழும்பும்.